பனையிடம் கற்போம், ஏட்டில் எழுதுவோம்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஒரு கழகம் 25 ஆண்டுகள் நிலைத்து நின்றது என்றால், அதைச் சொல்லக் கணக்கேடுகள் உண்டு. எத்தனை பிள்ளைகள் மாலை வகுப்பில் பயின்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்பவை அவ்வேடுகளில் உள்ளன. அவற்றைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார்கள். ஆனால் எந்த ஏட்டிலும் பதியாத கணக்கு ஒன்று உண்டு. விழுந்த பிள்ளைகள் எவ்வாறு எழுந்தனர் என்பதே அக்கணக்கு. அதைப் பற்றியே இன்று சிறிது நேரம் உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

‘இயற்கையை உற்று நோக்கி எழுதுவதன் வாயிலாக மீண்டெழும் ஆற்றலைக் கற்றல்’ என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. இதனை அறிவித்த அன்றே இளைஞர் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டனர். வேலைவாய்ப்பையும் கல்வி உதவித்தொகையையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் மரத்தையும் செடியையும் பற்றிப் பேசுவதா என்றனர். நியாயமான கேள்விதான். வயிறு நிறைந்தவர்களுக்கே இயற்கை அழகாகத் தெரியும் என்பது நம் மக்களிடையே வழங்கும் எண்ணம். ஆகவே அழகைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் மாலை வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணக்குப் பாடத்தில் தவறினார். மறுதேர்விலும் தவறினார். அதன் பின் வகுப்பிற்கு வரவில்லை. பத்து நாள் கழித்து நாங்கள் வீட்டிற்குச் சென்றபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்பது முதலாக எங்களுக்குத் தெரிந்த ஆறுதல் மொழிகளையெல்லாம் சொன்னோம். ஒன்றேனும் அவர் செவியில் ஏறவில்லை. அது ஆவணி மாதம். வாசலில் அவருடைய பாட்டி பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டுக்கொண்டிருந்தார். எங்களுள் ஒருவர், என்ன தோன்றியதோ, கையிலிருந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை அந்த மாணவியிடம் கொடுத்தார். தேர்வைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், இந்தப் பாத்தியில் நாள்தோறும் என்ன நிகழ்கிறது என்பதை மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லி வந்தோம். அந்த ஏட்டில் பின்னர் என்ன இருந்தது என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறோம். அதற்கு முன் தெளிவுபடுத்த வேண்டிய செய்தி ஒன்று உள்ளது.

நண்பர்களே! ‘பொறுத்துக்கொள்’ என்பது நம் முன்னோருக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட அறிவுரை. கூலி குறைந்தால் பொறுத்துக்கொள், இழிசொல் கேட்டால் பொறுத்துக்கொள், தேநீர்க் கடையில் தனிக்குவளை நீட்டினால் பொறுத்துக்கொள் என்றார்கள். பூமியைப் பார், அது எல்லாவற்றையும் தாங்குகிறது அல்லவா என்று இயற்கையையே சாட்சிக்கும் அழைத்தார்கள். ஆகவே ‘இயற்கையிடம் தாங்கும் ஆற்றலைக் கற்போம்’ என்று யாரேனும் சொன்னால், நம் இளைஞர்கள் ஐயுறுவதில் தவறில்லை. அந்தப் பழைய பொறுமையை நாங்களும் இங்கே விற்க வரவில்லை.

தாங்குதல் வேறு, மீண்டெழுதல் வேறு. கனடா நாட்டுச் சூழலியல் அறிஞர் ஹோலிங் என்பவர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இயற்கையமைப்புகளில் இவ்வாறான வேறுபாடு ஒன்றை விளக்கினார். அசையாமல் ஒரே நிலையில் இருப்பது ஒரு தன்மை. பேரிடர் வந்து குலைத்த பின்னும் தன் இயல்பை இழக்காமல், வேண்டியபோது தன்னை மாற்றிக்கொண்டு தொடர்ந்து வாழ்வது மற்றொரு தன்மை. பின்னதையே இன்று மீள்திறன் என்கிறோம். கல் தாங்கும், ஆனால் மீண்டெழாது. பனை மீண்டெழும். நமக்கு வேண்டியது பனையின் குணமேயன்றிக் கல்லின் குணமன்று.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நமக்கு இயற்கை வேலியிட்டே வழங்கப்பட்டது. இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் மின்சார இறவைப் பொறிகள் வருமுன் கிணறுகளில் கவலை இறைத்தார்கள். அக்கவலைச் சாலுக்கு வேண்டிய தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததிய மக்கள். அவர்கள் கைப்பட்ட தோலின் வழியே நீர் ஏறியது, வயல் விளைந்தது. ஆனால் அதே கிணற்றில் இறங்கி ஒரு கை நீர் அள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. நீர் எவரையும் விலக்கவில்லை. மனிதரே விலக்கினர்.

அண்ணல் அம்பேத்கர் சிறுவராக இருந்தபோது, 1901-இல், தம் தந்தையைக் காணச் சாத்தாராவிலிருந்து புறப்பட்டு மசூர் என்னும் நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்து வண்டியில் சென்ற அந்த இரவு முழுவதும் அவருக்கும் உடன்வந்த பிள்ளைகளுக்கும் குடிக்க நீர் கிடைக்கவில்லை. கையில் உணவு இருந்தும் நீரின்றி அதனை உண்ண இயலாது பசியோடு கிடந்தனர். பல்லாண்டுகள் கழித்து அந்த இரவைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் அந்தக் குறிப்புகளை, அவர் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகமே 1990-இல் நூலாக வெளியிட்டது. ஒரு கல்விக் கழகத்தின் கடமைகளுள் இதுவும் ஒன்று என்பதைக் கருதியே இதனை இங்கே நினைவூட்டுகிறோம். 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அவர் நீர் அருந்தியதை உலகம் அறியும். அந்த உரிமைப் போருக்குப் பின்னே சிறுவன் ஒருவனின் தாகம் இருந்தது என்பதை, அவர் எழுதி வைத்ததால் அல்லவா நாம் அறிகிறோம்! தாகத்தைத் தாங்கியதோடு அவர் நின்றிருந்தால் அது அவரோடு போயிருக்கும். எழுதியதால் அது அறிவாயிற்று.

இனி அந்த மாணவியின் ஏட்டிற்கு வருவோம்.

முதல் பத்து நாள்களும் ஒரே செய்திதான் எழுதப்பட்டிருந்தது. பாத்தியில் ஒன்றும் இல்லை என்பதே அது. பிறகொரு நாள் பொறுமையிழந்து ஒரு கொட்டையைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். மேலே இலை எதுவும் இல்லை. ஆனால் கொட்டையிலிருந்து வெண்மையான தண்டு ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருந்தது. பனை அவ்வாறுதான் முளைக்கும் என்றும், முதலில் கீழே போய்த்தான் பிறகு மேலே வரும் என்றும் பாட்டி சொன்னதை எழுதியிருந்தார்.

இது தாவரவியல் உண்மை. பெரும்பாலான விதைகளைப் போலப் பனங்கொட்டை உடனே இலை விடுவதில்லை. குழல் போன்ற ஒரு பகுதி கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் ஓர் அடிக்கும் மேலாக இறங்குகிறது. ஈரம் இருக்கும் ஆழத்தை அடைந்த பின்னரே அங்கே கிழங்கு திரள்கிறது. அதிலிருந்தே வேர் கீழும் குருத்து மேலும் செல்கின்றன. மேற்பரப்பில் வெயிலும் ஆட்டின் வாயும் தீண்ட முடியாத இடத்தில் தன் உயிரை வைத்துக்கொண்ட பிறகே பனை தலை காட்டுகிறது. தைப் பொங்கலுக்கு நாம் சுட்டும் அவித்தும் உண்ணும் பனங்கிழங்கு, அப்படி ஆழத்தில் சேர்த்து வைத்த முதல்தான்.

அதன் பின்னரும் பனை அவசரப்படுவதில்லை. பூத்துப் பயன் தர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். வறண்ட நிலமாயின் அதற்கு மேலும் ஆகும். ஆண் பனையா பெண் பனையா என்பதே பூத்த பிறகுதான் தெரியும். ஐந்தாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளையைப் பார்த்து ‘இது தேறாது’ என்று முத்திரை குத்துவோர் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதுவும் பல ஆண்டுகளில் பொய்த்துவிடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த தென்னைகள் கொண்டை சாய்ந்து பட்டுப்போனதையும், வரப்போரத்துப் பனைகள் ஓலை விரித்து நின்றதையும் நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். பனை நின்றதற்குக் காரணம் பொறுமை அன்று, வேர்.

அந்தப் பனைக்கு இன்னோர் உறுப்பும் உண்டு. மட்டையின் இருபுறமும் வாள்பல் போல் நிற்கும் கருக்கு. விறகு பொறுக்கப் போன நம் பெண்களின் கையைக் கிழித்த கருக்கு அது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1958-இல் பிறந்த எழுத்தாளர் பாமா, துறவற சபையை விட்டு வெளியேறிய பின், எதிர்காலம் இன்னதென்று தெரியாத நிலையில் தம் வாழ்வை எண்ணிப் பார்த்து எழுதினார். 1992-இல் வெளிவந்த அந்நூலுக்குக் ‘கருக்கு’ என்றே பெயரிட்டார். தம் வாழ்வுக்கும் பனங்கருக்குக்கும் உள்ள ஒப்புமையை அதன் முன்னுரையில் அவரே விளக்குகிறார். சிறுவயதில் தம்மைக் கிழித்த பொருளையே தம் எழுத்துக்குக் கருவாக்கிக்கொண்டார். லட்சுமி ஓம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1999-இல் வெளிவந்து விருதும் பெற்றது. இன்று அந்நூல் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளது.

இளைஞர்களே! இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பனையைப் பார்த்த புலவர் பலர் அதன் உயரத்தைப் பாடினர். விறகு பொறுக்கிய பெண்தான் அதன் கருக்கைக் கண்டார். இருக்கும் இடத்திற்கு ஏற்பவே இயற்கை தெரியும். ஆதலால் நமக்குத் தெரிந்த இயற்கையை நாமே எழுத வேண்டும். மீண்டெழுவோனுக்கு வேரும் வேண்டும், தன்னைக் காக்கும் கருக்கும் வேண்டும் என்பதை வேறு யார் நமக்குச் சொல்வார்கள்?

பனையை விட்டுச் சற்றே தரையைப் பார்ப்போம். தரிசிலும் பாதையோரத்திலும் யாரும் நீர் ஊற்றாமல் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையை அறியாதவர் நம்மில் இல்லை. காப்புக் கட்டும் நாளில் கூரையில் செருகுவதோடு அதனை மறந்துவிடுகிறோம். தோல் பதனிட நம் முன்னோர் கைக்கொண்டது அதன் பட்டையையே. பச்சைத் தோல் அழுகாமல் உறுதி பெறுவதற்குக் காரணமான துவர்ப்புச் சத்து அப்பட்டையில் உள்ளது. எந்தப் பட்டையை எத்தனை நாள் ஊற வைப்பது, நீர் என்ன நிறம் கொள்ளும்போது தோலை எடுப்பது என்பவையெல்லாம் ஓர் அறிவியல் அல்லவா? அதனை இழிதொழில் என்றனர். நம் பிள்ளைகளும் அதைச் சொல்ல வெட்கப்பட்டனர். அந்தத் தொழிலுக்குத் திரும்பிச் செல்லுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவு எழுதப்படாமல் போகலாகாது. ஆவாரையைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்காரும் மாணவன் தன் பாட்டனிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அன்று அவன் தன் குலத்தின் இழிவை அல்ல, குலத்தின் அறிவையே கண்டெடுப்பான்.

அடுத்து மரவள்ளி. ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் காட்டில் களை வெட்டாத, கிழங்கு பிடுங்காத குடும்பம் நம்மிடையே குறைவு. ஜவ்வரிசி ஆலைகளிலும் நம் மக்கள் உழைத்துள்ளனர். இச்செடியை விதை போட்டு வளர்ப்பதில்லை. வெட்டிய குச்சியை ஊன்றினால் துளிர்க்கும். வறட்சி வந்தால் இலைகளை உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மழை பெய்ததும் கிழங்கிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டு மீண்டும் தளிர் விடும். இலை உதிர்த்த செடியைப் பட்டுப்போன செடி என்று எண்ணிப் பிடுங்குபவன் அறியாதவன். ஓராண்டு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன மாணவனை ‘அவன் கதை முடிந்தது’ என்று கைவிடும் பெற்றோரும் அப்படியே. உதிர்ந்தது இலைதான்.

ஆனால் இதே மரவள்ளி மற்றொரு பாடத்தையும் அண்மையில் நமக்குக் கற்பித்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மாவுப்பூச்சி ஒன்று 2020-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கும் பரவியது. வறட்சியைத் தாங்கும் அச்செடியால் இதனைத் தாங்க முடியவில்லை. குருத்துகள் சுருண்டு வளர்ச்சி நின்றது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கானோரின் உணவுக்குக் கேடு விளைத்தபோது, அதன் தாயகத்திலிருந்து சிறு குளவி ஒன்றைத் தேடிக் கொணர்ந்து 1981 முதல் அங்கே விடுவித்தனர். அப்பணிக்குத் தலைமை வகித்த ஆன்சு எரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கும் தருவிக்கப்பட்டு, 2022 முதல் நம் பகுதிக் காடுகளில் விடப்பட்டது. ஆக, எவ்வளவு உரமான செடிக்கும் தன்னால் வெல்ல முடியாத இடர் ஒன்று உண்டு. அப்போது வெளியிலிருந்து துணை வரத்தான் வேண்டும். துணை கேட்பது தளர்ச்சி ஆகாது. இடஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் பெறுவதற்குக் கூசும் பிள்ளைகள் இதை நினைவில் கொள்ளட்டும். அவை தானமும் அல்ல, சலுகையும் அல்ல. அவை நம் உரிமை.

பனைக்கும் இதே நிலைதான். எத்தனை வறட்சியையும் வெல்லும் பனை, செங்கல் சூளைக்கு விறகாக வெட்ட வந்த கோடாரியை வெல்ல முடியவில்லை. ஆகவே 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும் அதில் இடம்பெற்றது. மரத்திற்கே சட்டத்தின் காவல் வேண்டியிருக்கும்போது மனிதனுக்கு வேண்டாவா? 1989-இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அத்தகைய வேலி. மன உறுதி இருந்தால் சட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே நம் மறுமொழி.

நம் திருமணிமுத்தாற்றையும் எண்ணிப் பாருங்கள். சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றி, சேலம் நகரின் நடுவே ஓடி, நன்செய் இடையாற்றருகே காவிரியில் கலக்கும் ஆறு அது. ஓடும் நீருக்குத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. எனினும் ஒரு நகரத்தின் கழிவு நீரும் சாயக் கழிவும் நாள்தோறும் கொட்டப்பட்டால் அந்த ஆற்றல் தோற்றுப்போகிறது. அப்போது ஆற்றைப் பார்த்து ‘இன்னும் உறுதியாக இரு’ என்று உபதேசம் செய்வது பேதைமை. கொட்டுவதை நிறுத்துவதே வழி. வகுப்பறையிலும் விடுதியிலும் இழிவுபடுத்தப்பட்டு மனம் உடையும் மாணவனுக்கும் இதுவே பொருந்தும். அவன் உறுதியைச் சோதிப்பதை விடுத்து, இழிவைக் கொட்டுகிறவரை நிறுத்த வேண்டும்.

மீண்டும் மாணவியின் ஏட்டிற்கு வருவோம். அதன் பிற்பகுதியில் தாம் பனங்கொட்டையை ஒத்திருப்பது எவ்விடத்தில், ஒவ்வாதது எவ்விடத்தில் என்று எழுதியிருந்தார். கீழே இறங்குவதெல்லாம் வீழ்ச்சி அல்ல என்பது அவர் கண்ட ஒப்புமை. ஆனால் வேற்றுமையே எங்களைத் தலைகுனிய வைத்தது. கொட்டைக்குப் பாட்டி மண்ணைப் பொலபொலவென்று கொத்திப் பாத்தி கட்டினார், நீர் தெளித்தார், ஆடு மேயாதிருக்க முள் போட்டார். தமக்கோ ஒற்றை அறை வீட்டில் இரவில் படிக்க இடமில்லை, கணக்கு சொல்லித்தர ஆளுமில்லை என்று எழுதியிருந்தார். ஒருபோதும் வாய்திறந்து கேட்காத பெண், அந்த ஏட்டின் வழியே கேட்டுவிட்டார். நம் கழகத்தின் படிப்பகத்தை இரவு 10 மணி வரை திறந்து வைக்கத் தொடங்கியது அதைப் படித்த பிறகே. கணக்கு ஆசிரியர் ஒருவர் ஏழு மாதம் ஊதியமின்றிக் கற்பித்தார். அடுத்த மார்ச்சில் அம்மாணவி தேர்ச்சி பெற்றார். ஏடு எழுதியதால் மட்டும் தேறினார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எழுதியதால் தமக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்தார், அதைக் கேட்கும் துணிவும் பெற்றார். அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் சொல்லவில்லை.

எழுத்துக்கு இத்தகைய ஆற்றல் உண்டு என்பதை ஆய்வாளரும் கண்டுள்ளனர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலரை நாளொன்றுக்கு 15 நிமிடமாக 4 நாள் தம் மனத்தைப் புண்படுத்திய நிகழ்ச்சிகளை எழுதச் செய்தார். வெறும் செய்திகளை எழுதியவர்களைக் காட்டிலும், நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் செல்வது குறைந்தது என்று கண்டார். பின்வந்த ஆய்வுகள் இதன் பயன் ஓரளவே என்கின்றன. நாமும் அந்த அளவோடு நிற்போம். நெஞ்சத்துச் சுமை எழுதித் தீராத அளவுக்குக் கனத்தால், அதை ஏட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். நட்பிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த இரவானாலும் நம் கழகத்துக் கதவைத் தட்டுங்கள்.

எவ்வாறு எழுதுவது என்று கேட்பீர்கள். முறை எளியது. முதலாவதாக, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரே ஒரு மரத்தையோ செடியையோ நீர்நிலையையோ தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறையேனும் அதைப் பார்த்து, நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். இரண்டாவதாக, கண்டதை முதலில் எழுதுங்கள், நினைத்ததைப் பிறகு எழுதுங்கள். ‘மரம் சோகமாக நின்றது’ என்று எழுதாதீர்கள். எத்தனை ஓலை காய்ந்திருந்தது என்று எண்ணி எழுதுங்கள். மூன்றாவதாக, பாட்டியும் அம்மாவும் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். பாடநூலில் இல்லாத சொல் என்று கூச வேண்டா. நான்காவதாக, அதில் உங்களைப் போல் இருப்பது எது என்று கேளுங்கள். உங்களைப் போல் இல்லாதது எது என்றும் தவறாமல் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்காதவன் வெறும் ஆறுதலோடு நின்றுவிடுவான். அதைக் கேட்பவனே தனக்குக் கிடைக்க வேண்டிய பாத்தியையும் நீரையும் வேலியையும் அறிவான். ஐந்தாவதாக, எழுதியதை ஒருவருக்கேனும் படித்துக் காட்டுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டினால், அவர்கள் திருத்தமும் சொல்வார்கள். அத்திருத்தங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிய பழக்கம் என்று எண்ண வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கையை எழுதி 1939-இல் நூலாக்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் இதழ் தொடங்கி எழுதிக் குவித்தார். நம் சமவெளியைப் பற்றியும் எழுத்து உண்டு. திருச்செங்கோடு வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000-இல் வெளியிட்ட ‘கூளமாதாரி’ என்னும் நாவல், பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் வாழ்வைச் சொல்கிறது. அந்நூலை நம் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம், படியுங்கள். படித்து முடித்ததும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆடு மேய்த்த சிறுவனே, அல்லது அவன் மகளே, அந்த மேய்ச்சல் காட்டைத் தன் கையால் எழுதினால் அது எப்படி இருக்கும்? அந்த நூல் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள்.

நம் கழகம் தொடங்கிய ஆண்டில் ஒரு பனங்கொட்டை ஊன்றப்பட்டிருந்தால், அது இப்போதுதான் சில ஆண்டுகளாகக் காய்க்கத் தொடங்கியிருக்கும். கழகத்தின் பணியும் அப்படியே. முதல் ஆண்டுகளில் மேலே ஒன்றும் தெரியவில்லை என்று நகைத்தவர்கள் உண்டு. அன்று நாம் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். இந்த மலரின் இறுதியில் சில பக்கங்கள் எழுத்தின்றி வெறுமையாக விடப்பட்டுள்ளன. அச்சுப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் முதற்குறிப்பை அங்கேயே எழுதுங்கள் என்று வேண்டியே அவ்வாறு செய்யச் சொன்னோம். இந்த விழா முடிந்து வீட்டிற்குச் செல்லும் வழியில் ஒரு மரத்தின் அருகே நின்று பாருங்கள். பார்த்ததை இன்றிரவே எழுதுங்கள்.